தனுஷ்கோடியில் ஒரு லாங் ஷாட்

மதுரையில் ரயில் ஏறும்போதே அம்மா ஒரு நிபந்தனை போட்டுவிட்டாள். "வர்றேன். ஆனா என் மூஞ்சிய எடுக்கக் கூடாது."

மகன் வேகமாகத் தலையாட்டினான். அவன் விஸ்காம் இரண்டாம் வருஷம் படிக்கிறான். கல்லூரியில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். கைப்பேசியில் மூன்று நிமிடப் படம் எடுக்க வேண்டும். ஒரே ஊர், ஒரே மனிதர், பத்து ஷாட்டுக்கு மேல் போகக் கூடாது. ஊர் தனுஷ்கோடி, மனிதர் அம்மாச்சி என்று அவன் முடிவு செய்து ஒரு மாதமாகிறது. அம்மாவைச் சம்மதிக்க வைக்கத்தான் அந்த ஒரு மாதமும்.

எட்டு வயதுவரை அம்மா தனுஷ்கோடிக்காரி. தாத்தா அங்கே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்தார். சென்னையிலிருந்து போட் மெயிலில் வந்து இறங்குகிறவர்கள், தலைமன்னாருக்குக் கப்பல் ஏறுவதற்கு முன் ஒரு டீ குடிப்பார்கள். அந்தக் காசில்தான் குடும்பம் ஓடியது. 1964 மார்கழியில் பரமக்குடியில் சித்திக்குப் பிரசவம் என்று பாட்டி அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். கடையைப் பூட்ட முடியாது என்று தாத்தா இருந்துவிட்டார். டிசம்பர் 22 இரவு புயல் அடித்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலை, நூறுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடல் இழுத்துக்கொண்ட இரவு அது. தாத்தா திரும்பவில்லை. அவருக்கு ஒரு போட்டோகூட எங்கள் வீட்டில் கிடையாது.

அதன் பிறகு அம்மா ராமேசுவரத்துக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறாள். அக்னி தீர்த்தத்தில் குளித்து, கோயிலில் கும்பிட்டு, திரும்பிவிடுவாள். தனுஷ்கோடி பக்கம் மட்டும் போனதில்லை. நாங்களும் கேட்டதில்லை. இந்த ஜூலையில் பேரன் கேட்டதும் எப்படியோ சரி என்றுவிட்டாள். 69 வயதில் அவளுக்கு என்ன தோன்றியதோ!

மண்டபம் தாண்டியதும் மகன் ஜன்னலுக்கு வந்துவிட்டான். பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில்தான் இப்போது ரயில் போகிறது. கப்பல் வந்தால் நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு லிஃப்ட் மாதிரி நேராக மேலே ஏறிக்கொள்ளும். 1914ல் கட்டிய பழைய பாலம் பக்கத்திலேயே ஓய்வெடுத்துக்கொண்டு நின்றது. அதில் நடுத்துண்டு இரண்டு கைகளைத் தூக்குவது போல இரண்டு பக்கமும் பிரியும். ஆட்கள் நின்று கையால் சுற்றித் திறப்பார்கள்.

"அம்மா, போனை ஜன்னல் கம்பியில முட்டுக்கொடுத்து அப்படியே பிடி. ஆட்டாத. எதையும் துரத்தாத" என்றான்.

பிடித்தேன். திரையில் ஒரு வேடிக்கை நடந்தது. பக்கத்தில் இருக்கும் பழைய பாலத்தின் இரும்பு விர் விர்ரென்று ஓடியது. அதற்கு அப்பால் நின்ற படகுகள் சோம்பலாக நகர்ந்தன. அடிவானம் அசையவே இல்லை. கேமரா தானே இடம்விட்டு இடம் போனால்தான் இப்படிக் கிட்டத்தில் உள்ளது வேகமாகவும் தூரத்தில் உள்ளது மெதுவாகவும் போகுமாம். நாம் ஒரே இடத்தில் நின்று கழுத்தை மட்டும் திருப்பினால் எல்லாம் ஒரே மாதிரி நகரும். அதன் பெயர் பான். ரயிலில் நான் எடுத்தது டிராக்கிங். நம் ஊர் சினிமாக்காரர்கள் தண்டவாளம் போட்டு, வண்டியில் கேமராவை வைத்துத் தள்ளி எடுப்பதால் ட்ராலி ஷாட் என்பார்கள். இந்திய ரயில்வே எனக்கு இரண்டு கிலோமீட்டருக்குத் தண்டவாளம் போட்டுக் கொடுத்திருந்தது.

கேமராவை நகரவிடலாம் என்று முதலில் யோசித்தவர்களில் ஒருவர் லூமியர் சகோதரர்களின் ஒளிப்பதிவாளர் அலெக்சாந்தர் ப்ரோமியோ. 1896ல் வெனிஸ் நகரக் கால்வாயில் படகில் போய்க்கொண்டே கரையிலுள்ள மாளிகைகளை எடுத்தார். அதுவரை கேமரா முக்காலியில் உட்கார்ந்திருந்தது, உலகம்தான் அதன் முன்னால் வந்து போனது. லூமியரின் புகழ்பெற்ற ரயில் படமே அப்படித்தான். கேமரா நடைமேடையில் நிற்கும், ரயில் அதை நோக்கி வரும். ஆக, சினிமாவின் முதல் நகரும் ஷாட்டுகளில் ஒன்று தண்ணீர்மேல் எடுத்தது. நாங்களும் தண்ணீர்மேல்தான் போய்க்கொண்டிருந்தோம். மகன் இதைச் சொன்னபோது அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பை இறுகச் சுற்றிக்கொண்டு எதிர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். 1964 புயலில் பழைய பாலமும் சிதைந்தது. அதை 46 நாளில் சரிசெய்தார்கள். தனுஷ்கோடிக்கான தண்டவாளத்தைத்தான் மறுபடி போடவே இல்லை.

ராமேசுவரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். அரசுப் பேருந்தும் உண்டு, ஆனால் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. ஒன்று மட்டும் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சாயங்காலத்துக்கு மேல் தனுஷ்கோடியில் இருக்க விடமாட்டார்கள், அதனால் காலையிலேயே போய்விடுங்கள். குடிநீர் கையில் இருக்கட்டும். கைப்பேசி லென்ஸில் உப்புக்காற்று படிந்துகொண்டே இருக்கும். அரைமணிக்கு ஒருமுறை மெல்லிய பருத்தித் துணியால் துடைக்கவில்லையென்றால், எடுத்ததெல்லாம் மார்கழிப் பனியில் எடுத்தது போல இருக்கும்.

முன்பெல்லாம் முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்துவிடும். அதற்குமேல் மணலிலும் தண்ணீரிலும் வேனில் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். 2017ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்டுவிட்டார்கள். நேர்க்கோடு போட்டது போன்ற சாலை. இடப்பக்கம் அமைதியான கடல். அதைப் பெண் கடல் என்கிறார்கள். வலப்பக்கம் அலையடிக்கும் கடல், அது ஆண் கடல். ஜூலை மாதக் காற்றில் ஆண் கடல் கரையேறி வந்து சண்டை போடுகிற மாதிரி இருந்தது. பெண் கடல் தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர் போலக் கிடந்தது. பெயர் வைத்தவர் எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்திருந்தால் மாற்றி வைத்திருப்பார்.

சர்ச் தெரிந்ததும் அம்மா ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள்.

பவளப்பாறைக் கற்களால் கட்டிய சர்ச் அது. கூரை போய்விட்டது. மிஞ்சிய சுவர்கள் அரித்துப்போய்த் தேன்கூடு மாதிரி நிற்கின்றன. இன்று தனுஷ்கோடி என்றால் எல்லோரும் எடுக்கும் படம் இதுதான். நாங்கள் போனபோதும் ஒரு குடும்பம் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. எடுத்தவர் தரையோடு படுத்துக்கொண்டு கேமராவை மேல்நோக்கிப் பிடித்திருந்தார். சுவரும் ஆளும் வானத்தைத் தொடுவது போலத் தெரியும். இதுதான் லோ ஆங்கிள். கீழேயிருந்து பார்த்தால் யாரும் பெரிய ஆள்தான். ஆர்சன் வெல்ஸ் 1941ல் வெளிவந்த 'சிட்டிசன் கேன்' படத்தை எடுத்தபோது, இன்னும் கீழே போக வேண்டும் என்று ஸ்டூடியோ தரையையே தோண்டிக் கேமராவைக் குழிக்குள் இறக்கியிருக்கிறார்கள்.

மகனுக்கும் ஆசை வந்துவிட்டது. சுவருக்கு முன்னால் அம்மாவை நிறுத்தி மண்டிபோட்டு எடுத்தான். முகம் வேண்டாம் என்ற நிபந்தனைக்காகப் பக்கவாட்டில்தான் எடுத்தான். காட்டினதும் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்னடா ராசா, எலெக்ஷன்ல நிக்கப்போறவ மாதிரி எடுத்திருக்க!"

அடுத்து, மேலேயிருந்து எடுக்கலாம் என்று இடிந்த சுவர் ஒன்றில் ஏறப்போனான். ஆட்டோக்காரர் அதட்டினார். "தம்பி, இறங்குங்க. அது நிக்கிறதே பெருசு." நியாயம்தான். அந்தச் சுவர்களில் ஏறுவதும், பெயர் கிறுக்குவதும், கல்லைப் பெயர்த்து எடுத்துப் போவதும் எனக்கும் சகிக்காத காரியம். டிரோன் கேட்டிருந்தான், அதற்கும் நான் சம்மதிக்கவில்லை. கடல் எல்லைக்குப் பக்கத்தில் அனுமதி இல்லாமல் அதையெல்லாம் பறக்கவிட முடியாது. கடைசியில் சாலையோரம் அடுக்கிய பாறைகளில் ஒன்றின்மேல் நின்று, மணலில் உட்கார்ந்திருந்த அம்மாவை மேலேயிருந்து எடுத்தான். இது ஹை ஆங்கிள்.

அந்தப் படத்தைப் பார்த்து அம்மா சிரிக்கவில்லை. "பிச்சைக்காரி மாதிரி இருக்கேன்" என்றாள். "அழிச்சிரு."

அழித்தான். அவன் முகம் சின்னதாகிவிட்டது. எனக்கும் உறைத்தது. அதே அம்மா, அதே சேலை, அதே மணல். கேமரா ஐந்தடி மேலே போனதற்கு இவ்வளவு மாற்றம்! வெள்ளச் சேதம் பார்க்க ஹெலிகாப்டரில் போகிறவர்கள் எடுக்கிற படங்களில் மனிதர்கள் ஏன் அப்படித் தெரிகிறார்கள் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

பிறகு மகன் யோசித்து, அம்மாவுக்குப் பக்கத்தில் தானும் மணலில் சப்பணமிட்டு உட்கார்ந்தான். கேமரா அம்மாவின் கண் உயரத்துக்கு வந்தது. இதை ஐ லெவல் என்பார்கள். ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு, தரையில் பாய்போட்டு உட்காரும் தன் மக்களை எடுக்கக் கேமராவையும் அப்படியே தாழ்த்தி வைத்துக்கொள்வார். பார்க்கிறவரும் அந்த வீட்டுப் பாயில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து, தோளும் காதோரமும் கொஞ்சம் தெரிய, அவள் பார்க்கும் சர்ச்சை எடுத்தான். நம் படப்பிடிப்புகளில் இதற்குச் சஜஷன் ஷாட் என்று பெயராம். முகம் தெரியாது, ஆனால் யார் பார்க்கிறார்கள் என்று தெரியும். நிபந்தனைக்கும் பங்கமில்லை.

அப்போது அம்மாவாகவே பேச ஆரம்பித்தாள்.

"சர்ச்சுல மணி அடிச்சா எங்க வீட்டுக்குக் கேக்கும். அங்கேயிருந்து அப்பா கடைக்கு நடந்தா, நான் பாட்டுப் பாடி முடிக்கிறதுக்குள்ள வந்துரும்."

"என்ன பாட்டு அம்மாச்சி?"

"அது கிடக்குது" என்று எழுந்துகொண்டாள்.

மதியம் பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. ஒளிப்பதிவுக்கு ஆகாத நேரம் என்பார்கள். தலைக்குமேல் வெயில் நின்றால் கண்ணுக்குக் கீழே குழி விழுந்தது போல நிழல் விழும். இங்கே மட்டும் அப்படி விழவில்லை. ஏனென்று பார்த்தால், கீழே இருந்த வெள்ளை மணல் வெளிச்சத்தைத் திருப்பி முகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. படப்பிடிப்பில் தெர்மாகோல் அட்டை பிடிக்கிறார்களே, அந்த வேலையை ஊர் முழுக்க மணலே செய்தது. கிடைக்கிற வெளிச்சத்தை வைத்தே படமெடுப்பதில் பேர்போன பாலு மகேந்திரா பிறந்தது இந்தக் கடலுக்கு அந்தப் பக்கம், மட்டக்களப்பில். இப்படிப்பட்ட கரைவெளிச்சத்தில் வளர்ந்த கண் அது என்று நினைத்துக்கொண்டேன்.

ரயில் நிலையத்தில் மிச்சமிருக்கும் தூண்களைத் தாண்டி, சாலையோரமாக அம்மா அரிச்சல்முனை திசையில் நடந்தாள். மகன் வலப்பக்கம், ஆண் கடல் பக்கமாக நின்று எடுத்தான். திரையில் அம்மா இடமிருந்து வலமாகப் போனாள், பின்னால் பெண் கடல். நன்றாகத்தான் இருந்தது. பின்னணியில் அலையும் வேண்டும் என்று சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் இன்னொன்று எடுத்தான். இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தால் ஒரே குழப்பம். முதல் ஷாட்டில் போன அம்மா, இரண்டாவதில் வலமிருந்து இடமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தாள். மறந்துவைத்த எதையோ எடுக்கப் போகிறவள் போல.

"கோட்டைத் தாண்டிட்டேன்மா" என்று தலையில் அடித்துக்கொண்டான். நடக்கிறவர் போகும் பாதையை ஒரு கோடாக நினைத்துக்கொண்டு, கேமரா அதற்கு ஒரே பக்கத்தில் இருக்க வேண்டுமாம். 180 டிகிரி விதி என்று பெயர். கிரிக்கெட் ஒளிபரப்பில் ரன் எடுப்பவர் எந்தப் பக்கம் ஓடுகிறார் என்று நாம் குழம்பாததற்கும் இந்த மாதிரி ஒழுங்குதான் காரணம். சாதாரண ஊரில் இதைப் புரியவைக்கப் படம் வரைய வேண்டியிருக்கும். தனுஷ்கோடியில் கோடு தாரிலேயே போட்டிருக்கிறது. இரண்டு பக்கமும் கடலைக் காவல் வைத்திருக்கிறது.

ஓலைக் குடிசைகள் சில இருந்தன. வாழ ஏற்ற ஊரில்லை என்று அரசு அறிவித்த பிறகும் மீனவக் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. சங்கும் சிப்பியும் விற்கிறார்கள், மீன் பொரித்துத் தருகிறார்கள். குடிசைகளைக் கண்டதும் கேமராவைத் தூக்குகிறவர்களைப் பார்த்தேன். கேட்காமல் எடுப்பது, அதுவும் தூரத்திலிருந்து ஜூம் செய்து எடுப்பது, அடுத்தவர் வீட்டு ஜன்னலில் எட்டிப்பார்ப்பது மாதிரிதான். ஜூம் என்பது நாம் கிட்டே போவது கிடையாது. நாம் இருந்த இடத்திலேயே இருக்கிறோம், அவர்களை மட்டும் இழுக்கிறோம். ரயில் ஜன்னலில் பார்த்த அந்தக் கிட்டத்து ஓட்டமும் தூரத்து நிதானமும் ஜூமில் வராது. கிட்டே வேண்டுமென்றால் நடந்து போய், கேட்டு, எடுக்க வேண்டும். கைப்பேசியில் படத்தின் தரமும் அப்போதுதான் கெடாது.

அங்கே ஒரு பெண் மணலில் தோண்டிய ஊற்றிலிருந்து கொட்டாங்கச்சியால் தண்ணீரை மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் உப்புக்கடல், நடுவில் ஓரிரு அடி தோண்டினால் நல்ல தண்ணீர். மழைத்தண்ணீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீரின்மேல் மிதந்துகொண்டிருக்குமாம். அம்மா போய்க் குந்தினாள்.

"ஒரு வாய் குடுத்தா."

அந்தப் பெண் கொட்டாங்கச்சியையே நீட்டினாள். அம்மா இரண்டு கையாலும் வாங்கினாள். மகன் என்னைப் பார்த்தான். நான் அம்மாவைப் பார்த்தேன். "கையை எடுக்கட்டுமா அம்மாச்சி?" என்று கேட்டான். "கைக்கு என்ன, எடுத்துக்கோ" என்றாள்.

குளோசப் என்றால் முகம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஷாட்டில் இரண்டு கைகள், ஒரு கொட்டாங்கச்சி, லேசாக நடுங்கும் தண்ணீர், அதில் ஆடும் வானம், அவ்வளவுதான். எடுத்த விதத்திலும் ஒரு சின்னப் பாடம் உண்டு. கைப்பேசியின் சாதாரண லென்ஸ் அகன்றது. அதைப் பொருளுக்கு ஒட்டிப் பிடித்தால் முன்னால் இருப்பது ஊதிப்போகும். செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரிவது அதனால்தான். இரண்டடி பின்வாங்கி, இரட்டை உருப்பெருக்க லென்ஸ் இருந்தால் அதை வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து எடுத்தான். காற்றுச் சத்தத்துக்கு இயர்போன் மைக்கைக் கைக்குட்டையில் சுற்றி என் கையில் கொடுத்திருந்தான். அதில் அம்மாவின் குரல் விழுந்திருக்கிறது. "அதே தண்ணி."

அந்தப் பெண் அம்மாவிடம், "ஆத்தா, இந்த ஊரா நீங்க?" என்றாள். அம்மா தலையசைத்துவிட்டு எழுந்து, யாரையும் கூப்பிடாமல், கடலைப் பார்த்து நடந்தாள்.

மகன் பின்னால் ஓடப்போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன். தூரத்தில் அம்மா கண்ணைத் துடைப்பது தெரிந்தது. அவன் விரல் திரையில் ஜூம் பக்கம் போனது. ஒரு கணம்தான். எடுத்துவிட்டான். போனை ஒரு கல்லில் சாய்த்து வைத்து, பொத்தானைத் தொட்டுவிட்டு விலகி உட்கார்ந்துகொண்டான்.

அசையாத கேமரா. மேலே பாதிக்கு மேல் வானம், கீழே மணல், நடுவில் மெல்லிய கோடாகக் கடல். அதில் சின்னதாக அம்மா. எக்ஸ்ட்ரீம் லாங் ஷாட். டேவிட் லீனின் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வில் ஓமர் ஷெரீஃப் அறிமுகமாகும் காட்சியை வீட்டில் போட்டுக் காட்டியிருந்தான். 1962ல் வந்த படம். கானலுக்குள் ஒரு கரும்புள்ளி தோன்றி, ஆடி ஆடி, மெதுவாக ஒட்டகமும் மனிதனுமாக ஆகும். ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி யங் அதற்கென்றே நீண்ட லென்ஸ் ஒன்றை வைத்து எடுத்தார். அங்கே புள்ளி மனிதனாக ஆனது. இங்கே அம்மா நடக்க நடக்கப் புள்ளியாகிக்கொண்டிருந்தாள். மகன் நிறுத்தவில்லை. நாலு நிமிஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை' கடைசிக் காட்சியில், கேத்தி ரயில் நிலையத்தில் கமல் படும் பாட்டைக் கண்கொண்டு பார்க்க முடியாமல் தவித்திருக்கிறேன். அங்கே எல்லாம் நமக்கு முன்னால் நடந்தது. இங்கே எதுவுமே நடக்கவில்லை. ஆனாலும் என்னால் உட்கார முடியவில்லை.

திரும்பி வந்தபோது அம்மாவின் சேலைக்கரை நனைந்திருந்தது. வந்ததும் கை நீட்டினாள். "அந்தப் போனைக் குடு. எப்படி எடுக்கிறது?"

சிவப்பு வட்டத்தைத் தொடச் சொன்னான். கிடைமட்டமாகப் பிடிக்கச் சொன்னான். பான் செய்யும்போது தொடக்கத்தில் ஐந்து வினாடி நின்று, மெதுவாகத் திருப்பி, முடிவில் ஐந்து வினாடி நிற்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தான். அவள் கேட்டுக்கொள்ளவில்லை. ரயில் நிலையத் தூண்களைப் பார்த்துப் போனைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு மிக மெதுவாக, காலை ஊன்றி, இடுப்புக்கு மேல் மட்டும் திரும்பினாள்.

"இது ஸ்டேஷன். இது போஸ்ட் ஆபீஸ் போற வழி. இங்க ஒரு வேப்பமரம். இங்க சேட்டு கடை. இங்க எங்க அப்பா கடை, வாசல்ல பெஞ்சு கிடக்கும். இது எங்க வீட்டுக்குத் திரும்புற சந்து. இங்க கோழி அடைப்போம். இது கடல்."

கடலில் வந்து போன் நின்றது. அம்மா கொஞ்ச நேரம் அதை அசைக்கவில்லை.

பிறகு அதைப் போட்டுப் பார்த்தோம். ஒரு நிமிடம் நாற்பது வினாடி. தூண்களைத் தவிர ஒன்றுமே இல்லை. வெறும் மணல், அதன்மேல் கொஞ்சம் காய்ந்த புல், நாய் ஒன்று குறுக்கே போகிறது. இடது மூலையில் அம்மாவின் விரல் பாதி மறைத்திருக்கிறது. அவள் பெயர் சொல்லும் இடத்தில் எல்லாம் கேமரா ஒரு நொடி தயங்கி, பிறகு நகர்கிறது. பெஞ்சு என்று சொல்லும்போது மட்டும் லேசாகக் கீழே குனிந்து பார்த்துவிட்டு நிமிர்கிறது. அதற்கு டில்ட் என்று பெயர், அம்மாவுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பார்க்கிறவரின் கண்ணாகவே கேமரா இருப்பதைப் பாயின்ட் ஆஃப் வியூ ஷாட் என்று மகன் பாடத்தில் படித்திருக்கிறான். முகம் எடுக்கக் கூடாது என்றவள் கடைசியில் கண்ணைக் கொடுத்துவிட்டாள்.

அரிச்சல்முனைக்கும் போனோம். கூட்டம், ஐஸ்கிரீம், அசோகத் தூண் முன்னால் வரிசை. அங்கே எடுத்ததில் ஒன்றுகூடப் படத்தில் சேரவில்லை. பத்து ஷாட் என்று போனவன் ஐந்தோடு முடித்துக்கொண்டான். பாலத்து ட்ராலி, தோள், கை, அந்த லாங் ஷாட், அம்மாச்சியின் பான். விரல் மறைத்ததை வெட்டிவிடலாமே என்றேன். "வேணாம்மா, இருக்கட்டும்" என்றான்.

சாயங்கால ரயிலில் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தாள். தன் பானை இரண்டு தடவை போடச் சொன்னாள். லாங் ஷாட் வந்ததும் போனைத் தள்ளிப் பிடித்தாள், கிட்டே பிடித்தாள்.

"இதுல நான் எங்கடா இருக்கேன்?"

மகன் விரலால் தொட்டுக் காட்டினான். கோடு மாதிரி கிடந்த கடலுக்குக் கொஞ்சம் கீழே, ஒரு கடுகு அளவுக்கு.

"அதுவா நானு?" என்றாள். "அம்புட்டுத் தூரமா போயிட்டேன்?"

பாம்பன் பாலம் வந்தது. போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டு, இந்த முறை கடல் தெரிகிற பக்கத்து ஜன்னலுக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.